எழுத்துக் கூட்டிச் சொன்ன மழை

அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த வெளிர்நீல கேபிள் கையில் வந்தது. நாடா போலத் தட்டையாக, ஒரு முனையில் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டுடன். நாம் நெட்வொர்க் படித்த லேப்பில் கிடந்த ஆறு கேபிள்களில் இது ஒன்றுதான் உருப்படி என்று கண்டுபிடித்து, வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று நீ அடையாளம் வைத்தாய். பயிற்சி முடிந்த கடைசி நாளில் இதை என் பைக்குள் திணித்தது நீயா, நானே எடுத்துக்கொண்டேனா, நினைவில்லை. இரண்டுக்கும் வாய்ப்புண்டு.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று உன்னைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாக உன் அண்ணன் போன் செய்தார். ஐந்தாம் நாள் மறுபடியும் செய்தார். உன்னிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று அப்படியே என்னிடம் தங்கிவிட்டது. நீ இருந்தவரைக்கும் பன்னிரண்டு வருடம் வாய் வரவில்லை. இப்போது எதிரில் ஆள் இல்லை என்றதும் எழுத வந்துவிட்டது, என் தைரியத்தைப் பார்.

அறந்தாங்கியில் பரோட்டாக் கடை மாடியில் இருந்தது நம் லேப். மூன்று பழைய ரௌட்டர்கள், நான்கு கம்ப்யூட்டர்கள். ரௌட்டர்கள் சூடேறினால் தூசி கருகும் வாசமும், கீழே வெங்காயம் வதங்கும் வாசமும் ஒன்றாகக் கலந்து வரும். மத்தியானம் பன்னிரண்டானால் நெட்வொர்க்கா பசியா என்று பிரித்துப் பார்க்க முடியாது. ரௌட்டர்களுக்குக் கொடும்பாளூர், அறந்தாங்கி, மணமேல்குடி என்று நாமே பெயர் வைத்தோம். மணமேல்குடி உன் ஊர் என்பதால் அந்தப் பெட்டியை நீ யாருக்கும் விட்டதில்லை. நான் உள்ளூர்க்காரி, அறந்தாங்கி எனக்கு.

ரௌட்டர்கள் தாங்களாகவே வழி தெரிந்துகொள்ளும் முறையை நம் பயிற்சி சார் இரண்டு நாள் கரும்பலகையில் விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை. நீ பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்: "பக்கத்து வீட்டுக்காரிங்க மாதிரிடி. கேபிள மாட்டிட்டா மட்டும் பத்தாது. மொதல்ல பேச்சுவார்த்தை வேணும். அப்பறந்தான் எந்த வீடு எங்கிட்டு இருக்குன்னு ஒருத்திக்கொருத்தி சொல்லிக்குவாளுக." இன்றுவரை இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

திருச்சிக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வருவதாக இருந்தது. செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள்தான் பாக்கி. "இந்த ஒரு பரீட்ச வரைக்குந்தான் பஸ் ஏத்தி விடுவேன்" என்று உன் அப்பா சொல்லியிருந்தார். அதனால் உனக்கு அது வெறும் பரீட்சை இல்லை.

அன்றைக்குப் பயிற்சி, நம் இரண்டு ரௌட்டர்களும் ஒரே ரகசியச் சொல்லைச் சொல்லி ஒன்றையொன்று நம்ப வேண்டும். வெளியே நல்ல மழை. பல மாதங்களுக்குப் பிறகு பெய்த மழை. அதனால் 'மழை' என்றே பாஸ்வேர்டு வைக்கலாம் என்றேன். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நீ விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு, "எப்புடிடி எழுதணும்?" என்று கேட்டாய். நான் என் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்ற மாதிரியே அடி" என்றேன்.

நீ சொல்கிற மாதிரியே அடித்தாய்.

பக்கத்து வீட்டுக்காரிகள் பேசவில்லை. கேபிளை மாற்றினோம். முகவரிகளை ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தோம். ரௌட்டர்கள் ஒன்றையொன்று கூப்பிடும் நேர இடைவெளிகளை ஒப்பிட்டோம். ஒரு மணி நேரம் போனது, ஒன்றிலும் தவறில்லை. பாஸ்வேர்டைப் பார்த்துவிடலாம் என்றால், அதைப் புரியாத எண்களாக மாற்றி மறைத்துவிடும் கட்டளையையும் நாம் கெட்டிக்காரத்தனமாகப் போட்டு வைத்திருந்தோம். கடைசியில் சார் வந்து ஏதோ தட்டினார். திரையில் வரிகள் ஓடின. "பாஸ்வேர்டு ஒத்துப்போகல. ரெண்டு பேரும் சத்தமா எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க" என்றார்.

நான் எம், ஏ, இசட், எச், ஏ, ஐ என்றேன். நீ எம், ஏ, எல், ஏ, ஐ என்றாய்.

"அது மலைல்ல!" என்றான் பின்னால் இருந்த ஒருவன். லேப்பே சிரித்தது. உன் ஊர் வாயில் மழை எப்போதும் 'மளை'தான். அதற்கு நீ போட்ட எழுத்தில் ஒரு பிசகும் இல்லை. சார் என்னைப் பார்த்து, "நீயாவது கவனிச்சிருக்கக் கூடாதா?" என்றார். நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தமிழ் வாத்தியார் மகள், லேப்பில் முதல் ஆள் என்கிற வாய்க்கொழுப்பு. திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "இவளுக்கு மழைக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாது சார்" என்று சொல்லிச் சிரித்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அதுதான். நீ தலை குனிந்து எழுத்தைத் திருத்தினாய். உடனே இரண்டு ரௌட்டர்களும் பேச ஆரம்பித்துவிட்டன.

சாயங்காலத்துக்குள் உனக்கு 'மலையம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் நீ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. ஒரு வாரம் மணமேல்குடி ரௌட்டர் அணைந்தே கிடந்தது. தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

உன் அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "வாத்தா, ஏன் அங்கிட்டே நிக்கிற? உள்ள போ. ஒரு வாரமா இவ வாயத் தொறக்க மாட்டேங்குறா, என்னன்னு கேளு" என்றார்.

நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "சிரிச்சதுகூடப் பரவால்லடி. என்னயப் பாத்துச் சிரிச்சிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன். நீ அவனுகளப் பாத்துல்ல சிரிச்ச."

பிறகு நீ என் பக்கம் திரும்பி, "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?" என்றாய்.

"இல்லையே."

"சரி வா, சோறு ஆறுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, அன்றைக்கு உன் வீட்டுச் சோற்றில் நான் அதைத்தான் மறைத்தேன். நீ பார்த்துக்கொண்டே இன்னொரு துண்டு மீனை என் இலையில் வைத்தாய். நீ கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

நீ திரும்பி வந்தாய். தேர்வில் இருவருமே தேறினோம், திருச்சிக் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அந்த வேலையில்தான் நீ உன் தம்பியைப் படிக்க வைத்தாய், உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாய். எங்கு இருந்தாலும் வருடத்தின் முதல் மழைக்கு உன் போன் வரும். "ஏய், இங்கிட்டு மலை பெய்யுதுடி!" என்பாய். லேப்பில் செய்த கேலியை எடுத்து உன் சொந்த வேடிக்கையாக்கிக்கொண்டாய். நானும் சிரிப்பேன். இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பதற்குள் நீ குழந்தைக்குப் பல் முளைத்த கதைக்குப் போயிருப்பாய்.

போன வாரம் ஆபீஸில் ஒன்று நடந்தது. ஒரு கிளையில் ரௌட்டரை மாற்றியிருந்தோம். அங்கே புதிதாகச் சேர்ந்தவர் என்னைவிட வயதில் மூத்தவர், துபாயில் இருந்து திரும்பி வந்தவர். பாஸ்வேர்டை நான் போனில் சொல்ல, அவர் அடித்தார். இணைப்பு வரவில்லை, அரை நாள் வேலை கெட்டது. பிறகு எட்டுப் பேர் இருந்த அழைப்பில் மேலாளர், "யாருங்க தப்பா அடிச்சது?" என்று கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் புதியவர், "நான்தான் சார், காதுல சரியா விழுகல" என்றார்.

"இல்ல சார்," என்றேன். "நான்தான் அவசரத்துல ஒரு எழுத்த மாத்திச் சொல்லிட்டேன். அவர் நான் சொன்னபடிதான் அடிச்சாரு."

"சரி, மாத்துங்க" என்று மேலாளர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கா உன்னைப் பன்னிரண்டு வருடம் காக்க வைத்தேன் என்று, போனை வைத்துவிட்டு அழுதேன்.

அன்றைக்கு எப்படி எழுத வேண்டும் என்று நீ கேட்டாய். நான்தான் சொல்கிற மாதிரியே அடி என்றேன். நான் சொன்னபடிதான் நீ அடித்தாய்.