தலை உள்ளே, வால் வெளியே

கொழும்புத் துறைமுகம்
9-1-1970

அன்புத் தங்கை பாத்திமா மேரிக்கு அண்ணன் ஜேசுராஜ் எழுதுவது.

கூலி உயர்வு கேட்டு மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போனதை அம்மா எழுதித்தான் அறிந்தேன். சங்கத்துக்காரர் குடும்பங்கள் பண்ணை மனையைக் காலி செய்ய வேண்டும் என்று மிராசுதார் சொல்லிவிட்டாராமே. பிடிவாதம் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு, அம்மாவிடம் போய்விடு.

கப்பல் வரும் வழியில் எண்ணெய்த் திமிங்கலக் கூட்டம் ஒன்றைப் பார்த்தேன். எல்லாம் பெண்களும் குட்டிகளும்தான். ஆண்கள் வளர்ந்ததும் தனியே குளிர்க்கடலுக்குப் போய்விடுமாம். தாய் இரை தேடி ஆழத்துக்கு முங்கினால், அவ்வளவு ஆழம் முங்கத் தெரியாத குட்டிக்கு இன்னொருத்தி காவல். ஒன்றுக்கு அடிபட்டால் அதை நடுவில் விட்டு மற்றவை வட்டம் கட்டும், தலை உள்ளே, வால் வெளியே. எங்கள் கப்பல் சமையல்காரர் முன்பு திமிங்கல வேட்டைக் கப்பலில் இருந்தவர். ஒன்றைக் குத்தினால் போதும், மற்றவை ஓடாது, எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்றார். நீயும் அப்படி நின்றுவிடாதே, தாயே.

லீவில் ஊருக்கு வருகிறேன். பதிலை அம்மா வீட்டுக்குப் போடு.

ஜேசுராஜ்

தலைஞாயிறு
21-1-1970

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைத் தெருவுக்கே படித்துக் காட்டினேன். "ஆம்பளை தனியா குளிர்க்கடலுக்குப் போயிருவான்னு உங்கண்ணன் கப்பல்ல இருந்துதான் சொல்லணுமாக்கும்" என்று தனபாக்கியம் அக்கா சிரித்தார். கோபிக்காதீர்கள்.

நேற்று மிராசுதாரின் காரியக்காரர் ஆட்களோடு வந்தார். பக்கத்து வீட்டுத் தையல்நாயகி பிள்ளை பெற்றுப் பாயில் கிடக்கிறாள். அவள் கூரையில்தான் முதலில் கை வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் குடிசையைச் சுற்றி நின்றோம். பாதிக் கீற்றைப் பிய்த்தார்கள், ஒருத்தியும் நகரவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருவோம் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள்.

மற்றதெல்லாம் ஓடியிருந்தால் நடுவில் இருந்தது என்ன ஆகியிருக்கும் என்று அந்தச் சமையல்காரரிடம் கேட்டீர்களா? எனக்கும் பயம்தான். ஆனால் நான் கிளம்பினால் இங்கே ஓர் ஆள் இடம் காலியாகும். கூட்டிப் போக வருவதானால் வராதீர்கள்.

பாத்திமா மேரி

நாகப்பட்டினம்
24-1-1970

அன்புத் தங்கைக்கு,

உன்னைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கொடியிலிருந்த சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அவ அங்கயே இருக்கட்டும். பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற சுறாக் கருவாடு கொண்டாறேன்னு எழுது."

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் வருகிறோம். திரும்புவது எப்போது என்று கேட்டேன். அம்மா இன்னும் இரண்டு சேலைகளை எடுத்து மூட்டையில் வைத்தாள்.

ஜேசுராஜ்