புறங்காலில் துடித்த நாடி

தேவாரம், 1936, ஆனி, வியாழன்.

இத்தனை வருடம் வாய் மூடி இருந்தது போதும்.

குடியானவர் கருப்பையாவைப் பாம்பு கடித்ததும் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டி, கோம்பை மந்திரக்காரர் வரும்வரை ஒரு பகல் முழுக்க அவிழ்க்காமல் வைத்திருந்தார்கள். உயிர் தப்பியது, கால் வீங்கிக் கறுத்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், கால் செத்துவிட்டது, மதுரையில் வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை அறுவை.

காலுக்கு மருந்துக் கட்டுப் போடும்போது புறங்காலில் விரல் வைத்தேன். நாடி துடித்தது! கயிறு மேலேறும் இரத்தத்தைத்தான் தடுத்திருக்கிறது. கீழிறங்கும் இரத்தம் இன்னும் ஓடுகிறது, கால் சாகவில்லை. டாக்டரிடம் சொன்னேன்.

"கம்பவுண்டர் எப்பய்யா சர்ஜன் ஆனாரு?" என்று எல்லார் முன்னிலும் சிரித்தார். மருத்துவப் படிப்பில் என்னைப் பெயிலாக்கி வெளியே அனுப்பியவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

கருப்பையாவின் மனைவி வாசலில் வழிமறித்தாள். "மதுரையில இருக்குற பெரிய டாக்டராவது நீங்க சொன்னாக் கேப்பாகளாய்யா? ஒத்தக் கால வச்சு இவரு எப்பிடி ஏரு புடிப்பாரு?"

மதுரை சர்ஜனுக்கு எழுதி முடித்தேன்: "தேவாரம் கருப்பையாவின் காலை வெட்டுமுன் புறங்காலில் நாடி பாருங்கள்." கம்பவுண்டர் என்று கையெழுத்திட்டால் படிக்காமலே கிழித்துவிடுவார். பெயர் போடாமல் விடிந்ததும் தபாலில் சேர்க்கிறேன்.