இடப்பக்க ஸ்டியரிங்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காருக்குத் தார்ப்பாய் போர்த்தினேன். சிவப்பு அமெரிக்க கார், இரண்டே கதவு, என்னைவிட வயதில் மூத்தது. துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கிவந்து இவர் உயிர் கொடுத்தார். சீட் உறை முழுக்க என் தையல்.

போன வருஷம் இவருக்குப் பக்கவாதம். வலது கால் இனி பிரேக்குக்கு உதவாது. இன்று முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று அட்டை ஒட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிச்சல்.

வாங்க: பால், மாத்திரை, ரசப்பொடி.

ஜூன் 11, புதன்

ரிசார்ட்காரர் ஒருவர் வந்தார், கன்னடக்காரர். புல்வெளியில் நிறுத்திக் கல்யாண ஜோடிகளை போட்டோ எடுக்கவாம். "இஞ்சின் பேடா சார், நீவே இட்கொள்ளி." இஞ்சின் வேண்டாமாம், நாங்களே வைத்துக்கொள்ளலாமாம். இவர் தலையாட்டுகிறார்!

அவர் போனதும் சண்டை.

"இஞ்சின் இல்லாம நிறுத்த அதென்ன பொம்மையாங்க?"

"பின்ன யாரு ஓட்டறது, சொல்லு?"

"நான்."

சிரித்தார். ஏன், வாராவாரம் நம் சின்ன காரில் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார்? ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்க ரி.காரர் வருவார். அதற்குள் ஓட்டிக்காட்டுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். ரிங் ரோட்டுக்கு அப்பால் காலி லேஅவுட்டில் ஓட்டிப் பழகினேன். இதில் ஸ்டியரிங் இடப்பக்கம். முன்பு இவர் ஓட்ட, வலப்பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னிடம்தான் போலீஸ் லைசென்ஸ் கேட்கும்.

இன்று கியர் மாற்ற இடது கையை நீட்டினால் ஜன்னல் கைப்பிடி அகப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி இறங்குகிறது. "வலது கை, வலது கை!" என்று இவர் கத்தல். தோள்பட்டை வலி. விடமாட்டேன்.

கடைசியில் பார்க்காமலே கியர் விழுந்தது. "ம்" என்றார். அதற்கே கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஜூன் 15, ஞாயிறு

சாரல். இவரை வலப்பக்கம் உட்காரவைத்து, சாமுண்டி மலை உச்சிவரை நானே. ஒரு வளைவில் மறுபடி கண்ணாடி இறங்கி முகமெல்லாம் ஈரம்.

திரும்பினால் வாசலில் ரி.காரர். நேரே வலப்பக்க ஜன்னலுக்குப் போய்க் குனிந்தார். "ஏனு சார், ஓகேனா?"

இவர் என் பக்கம் கை காட்டினார்.

"ஓட்டறவங்களக் கேளுங்க சார்."

தமிழில்தான் சொன்னார். ரி.காரருக்கு நன்றாகவே புரிந்தது.

அட்டையைப் பிய்த்தாயிற்று. பசை போகவில்லை. நாளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும்.