லோரிக்குள்ள போடுற செருப்பு

திங்கள், ராத்திரி

கெலாங் பாத்தாவுல இருக்கிற கம்பெனி யார்டுல இன்னிக்கு எனக்கு லோரி கொடுத்தாங்க. பூட்ஸோட ஏறாத, உள்ள செருப்பு கிடக்குன்னாரு முதலாளி. யாரோடதுன்னு கேட்டேன்.

"முந்தி ஓட்டினவனோடது. மெர்சிங் ரோட்டுல ஸ்டேரிங்லயே தூங்கிட்டான். லோரிய ரிப்பேர் பண்ணியாச்சு லா, பயப்படாத."

"அவரு என்ன ஆனாரு?"

"அவன ரிப்பேர் பண்ண முடியல. எரிச்சாச்சு."

மத்த டிரைவருங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேலை வேணுமே.

நாள் பூரா ஓட்டின அசதியில அந்தச் செருப்போடயே வீட்டுக்கு வந்துட்டேன். பூட்ஸ் லோரியிலயே கிடக்கு.

வாசல்ல என் பொண்டாட்டி பார்த்துட்டா. "கம்பெனியில கொடுத்தாங்களா? உங்க காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

ஆமான்னேன்.

நாளைக்கு எனக்கு மெர்சிங் லோடு.