செல்வி எடுத்துப்போகாத நட்சத்திரம்

டிசம்பர் 23, புதன், இரவு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இன்று கோயிலில் சிஸ்டர் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் கைவேலை சொல்லிக்கொடுத்தார். பிலிப்பைன்ஸில் மூங்கிலில் நட்சத்திரம் கட்டுவார்களாம், ஜெர்மனியில் வைக்கோலில். "ரெண்டையும் சேர்த்து ஒண்ணு கட்டிக் காட்டுங்க தாத்தா" என்றார். கல்வராயன் மலைப் பச்சை மூங்கிலைப் பிளந்து, வைக்கோல் புரியால் இறுக்கிக் கட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். செல்வி மட்டும் பின்னால் நகர்ந்தாள்.

இடஒதுக்கீட்டு மறியலுக்குப் பிறகு ஊர்த்தெருவிலிருந்து எங்கள் காலனிக் கோயிலுக்கு வருகிற ஒரே பிள்ளை அவள். அந்த மறியலில் போலீஸ் குண்டு பட்டுச் செத்தவன் அவள் அப்பன்.

"இன்னாடி, நட்சத்திரத்தப் பாத்துகூட பயந்துக்குவியா?" என்று ஒரு பையன் சிரித்தான்.

"எங்கப்பாவத் தூக்கினு போனதையும் இந்தத் தாத்தா இப்டித்தான் கட்டுனாரு. எனக்கு வாணாம்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

உண்மைதான். இரண்டு தெருவுக்கும் பாடை கட்டுகிறவன் நான். கை தனக்குத் தெரிந்த கட்டைத்தான் போட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை.

"நாளைக்கு நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்கிறார் சிஸ்டர். அவர் வெளியூர்க்காரர். சாவு விழுந்தால் மட்டும்தான் அந்தத் தெருவில் என்னைக் கூப்பிடுவார்கள். செல்வியின் அண்ணன் மறியல் கேஸில் இன்னும் ஜெயிலில் இருக்கிறான். நான் போய் வாசலில் நின்றால், அந்தத் தாய் முதலில் யாரை நினைப்பாள்?