வீடு திரும்பும் இடத்தில் என் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

சின்ன வயதில் நான் விளையாடிய வீடியோ கேமில் கீக்கீ என்று ஒரு மெட்டு வருமே, அதன் புதுப் பதிப்புக்கு எங்கள் ஸ்டூடியோவில்தான் இசை. அன்று அந்த கேமில் ஒரே நேரத்தில் மூன்று ஒலிதான் வரும். நேற்று நாற்பது பேர் வாசித்தார்கள். பிரமாண்டம்தான், ஆனால் மனதில் ஒட்டவில்லை. இசையமைப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்தித் தொலைடி" என்று திட்டிவிட்டு, பாத்திரம் கழுவும்போது நீயே அதை முணுமுணுப்பாயே, அதுபோல நானும் என்னை மறந்து முணுமுணுத்துவிட்டேன்.

"இதேதாங்க! மைக் முன்னாடி வாங்க!" என்று அவர் துள்ளி எழுந்தார்.

கதாநாயகன் வீடு திரும்பும் இடத்தில் முதலில் என் குரல், பிறகு நாற்பது பேரும்! எல்லோரும் கைதட்டினார்கள், அம்மா.

இனி போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதே. கொஞ்சம் பேசிக்கொண்டே இரு; உன் குரல் கேட்டால்தான் எனக்கும் வீடு திரும்பிய மாதிரி இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்