ஏழாம் நம்பர் கல்

அரியலூர்
9-6-2024

வளர்மதிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது. அதனால் கேட்கவில்லை. போன மாதம் பதினாறு தடவை போன் செய்தேன். ஒரு தடவை எடுத்தாய். மூன்றாவது நிமிடத்தில் சண்டை. வைக்கும்போது, "சொல்றத எழுதி அனுப்புங்க, எழுதும்போதாவது யோசிப்பீங்க" என்றாய். சரி, எழுதுகிறேன். படம் வரையச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கம்பெனியில் புது வேலை வந்திருக்கிறது. குரும்பலூர்ப் பக்கம் நம் ஊர்ச் சுடுகாட்டை ஒட்டி ஒரு புறம்போக்கு மேடு உண்டே, வட்டம் வட்டமாகக் கல் கிடக்கும், பாண்டியன் குழி என்பார்கள். அதைத் தோண்டுகிறார்கள். கல்லூரியிலிருந்து ஹேமலதா மேடம் என்று ஒருவர் வந்து நடத்துகிறார். செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே கல்லை வட்டமாக நிறுத்திய இடமாம். குறைந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் என்கிறார். ஒவ்வொரு கல்லையும் அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. அவர்கள் பெயிண்ட் பிரஷ்ஷை வைத்து மண்ணைத் தட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு நாலு அங்குலம். ஜேசிபி என்று ஒன்று கண்டுபிடித்திருப்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

வீட்டில் உளுந்தில் வண்டு விழுந்துவிட்டது. சிங்க் குழாய் ஒழுகியது, மாற்றிவிட்டேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாம் பெரியப்பாதான் பார்த்தார். எனக்குத் தெரியாது. அதையே பிடித்துக்கொண்டு நிற்காதே. வா.

பூவரசன்


பூலாம்பாடி
17-6-2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "மாப்பிள்ள லெட்டர் போட்டுருக்காரா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அம்மா பயந்துவிட்டது. உளுந்தை வெயிலில் பரப்பி வையுங்கள், வண்டு தானாகப் போய்விடும். அதற்கு நான் வர வேண்டியதில்லை.

இங்கே பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலையும் மாலையும் பால் அளக்கிறேன். தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

கேள்வி மறந்திருந்தால் மறுபடி எழுதுகிறேன். தை மாதம் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நமக்கு ஒரு பெண் பிறந்தாள். அழவில்லை. துணியில் சுற்றி நீங்களும் பெரியப்பாவும் எடுத்துக்கொண்டு போனீர்கள். எனக்கு ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அப்புறம் மூன்று நாள் பால் கட்டிக்கொண்டு, வற்றுவதற்காக மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அவளை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அதுதான் கேள்வி.

டவுனில் ஒரு கரண்டு கம்பத்தைக் காட்டினால், ரோட்டிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வீர்கள். பிள்ளை எங்கே என்றால் தெரியாது என்கிறீர்கள். சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை. பால் அளந்து முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வளர்மதி


அரியலூர்
30-6-2024

வளர்,

தெரியாது என்று எழுதியது பொய். குழி வெட்டியது நான்தான். நம் ஊர்ச் சுடுகாட்டில். ஆனால் எந்த இடம் என்று சொல்ல முடியாது. "அடையாளம் வச்சா அடுத்தது தங்காதுடா, பெத்தவகிட்ட எடத்தச் சொல்லாத, அவ அங்கயே போயி நின்னுக்கிட்டிருப்பா" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு அவரோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை. அடையாளம் வைக்கவில்லை. இப்போது முள் மண்டிக் கிடக்கிறது. இதற்கு மேல் கேட்காதே.

மூன்றாவது வட்டத்தைத் திறந்தார்கள். சுற்றிலும் பத்தொன்பது கல். நடுவில் ஆள் உயரத் தாழி இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். இருந்தது ஒரு தவலை அளவுப் பானை. உள்ளே சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத எலும்புகள். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு வயசுகூட ஆயிருக்காது" என்றார். பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு கிண்ணம். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை. "இவ்ளோண்டு பிள்ளைக்கு எதுக்கு மேடம் இத்தன பெரிய கல்லு?" என்றேன். "நீங்கதானே சார் அளந்தீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். கணக்குப் போட்டேன். ஒரு கல் சராசரி நானூறு கிலோ. அந்த வகைப் பாறை இருப்பது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. மரக்கட்டையைக் கீழே கொடுத்து இழுத்து வந்தாலும் பத்துப் பேருக்கு ஒரு வாரத்துக்குக் குறையாது. தப்பாக இருக்கும் என்று இரண்டாம் தடவையும் போட்டேன். அதே விடைதான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

அவ்வளவுதான் செய்தி.

பூவரசன்


பூலாம்பாடி
8-7-2024

மாமாவுக்கு,

அந்தக் கிண்ணத்தில் ஏதாவது இருந்ததா? கேட்டு எழுதுங்கள். பாலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சொசைட்டியில் உட்கார்ந்து உனக்கு எல்லாமே பாலாகத் தெரிகிறது என்பீர்கள். இருக்கட்டும்.

அந்தப் பத்துப் பேரும் ஒரு வாரம் கல் இழுத்தார்களே, அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளையின் அம்மா எங்கே இருந்திருப்பாள்? அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் நேற்று ஒருவருக்கு இரண்டு லிட்டரை மூன்று என்று எழுதிவிட்டேன். அவளிடம் யாரும் இடத்தை மறைத்திருக்க முடியாது மாமா. பத்தொன்பது கல்லை எங்கே ஒளிப்பது?

முள் மண்டிக் கிடந்தால் வெட்டலாம். அது ஒரு காரணமா? அடையாளம் வைக்கவில்லை என்கிறீர்கள், அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. வேறு ஆள் சொன்னால் நம்புவேன். நீங்கள் கொல்லையில் கத்தரிச் செடி வைத்தபோதே நூல் பிடித்து வைத்தவர்.

அம்மா உங்களுக்காக அதிரசம் சுட்டது. தபாலில் எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. நாங்களே சாப்பிட்டுவிட்டோம்.

வளர்மதி


அரியலூர்
21-7-2024

வளர்,

கிண்ணத்தில் மண்தான் இருந்தது. அதையும் ஒரு பையில் போட்டுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன் பாலைப் பற்றி மேடத்திடம் சொன்னேன். சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

இனி வருவதை உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை என் ஜூனியர் கலைச்செல்வன் அவன் எடுத்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். குரும்பலூரில் சுடுகாட்டு ஓரமாக அவன் அளந்த குழி அத்தனையும் வரைபடத்தில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போய் விழுந்தன. முப்பது கிலோமீட்டர் பிழை. மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் எல்லோர் முன்னாலும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"எந்தக் கல்லுலேர்ந்துடா அளந்த?"

"ஏழாம் நம்பர் கல்லுலேர்ந்து சார். சுடுகாட்டு ஓரமா முள்ளுக்குள்ள இருக்கே, மஞ்சப் பட்ட போட்டது. நம்ம கல்லுதானே?"

நாங்கள் அளக்கத் தொடங்கும் இடத்தில் சிமெண்ட் கல் நட்டு, மஞ்சள் பட்டை போட்டு நம்பர் எழுதுவோம். எல்லாக் கல்லும் எங்கே இருக்கிறது என்று ஆபீஸில் பட்டியல் இருக்கும். ஏழாம் நம்பர் கல் பட்டியலின்படி சுரங்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவன் ஏற்றியிருக்கிறான். "அப்பறம் இங்க எப்படி சார் ஒரு ஏழு வந்துச்சு? உங்க கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றான். மேடம், கருவி தூக்கும் பூமாலை அண்ணன், மாணவர்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது சர்வே கல்லு இல்லடா. என் பொண்ணு" என்றேன்.

பூமாலை அண்ணன் நேரே போய், கல்லின் மேல் நின்ற கருவியை முக்காலியோடு தூக்கி அப்பால் வைத்தார். நான் திட்டித் தீர்த்த கலைச்செல்வன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அன்றைக்கு யாரும் அதற்குப் பிறகு வேலை பார்க்கவில்லை.

தை மாதம் அன்றைக்கு நான் ஓட்டி வந்த ஆபீஸ் வண்டியில் ஒரு கல் இருந்தது. சுரங்க வேலைக்காக நம்பர் எழுதி வைத்தது. குழியை மூடிவிட்டுப் பெரியப்பா முன்னால் நடந்தார். நான் வண்டியிலிருந்து கல்லைத் தூக்கிக்கொண்டேன். திரும்பப் போய்க் கல்லை நட்டேன். "என்னடா பண்ற, அடையாளம் வக்காதன்னேன்ல?" என்று கத்தினார். "ஆபீஸ் கல்லு பெரியப்பா, சர்வேக்கு" என்றேன். நம்பிவிட்டார். சுரங்கத்துக்கு வேறு ஒரு ஏழு செய்துகொண்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. இந்த வேலையிலும் அந்த ஓரத்தை மட்டும் கலைச்செல்வனிடம் தள்ளிவிட்டேன். பிழை அவனுடையது இல்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன்? பெரியப்பா சொன்னது ஒரு சாக்கு. இடத்தைச் சொன்னால், முகத்தைப் பார்த்தீர்களா என்று அடுத்து கேட்பாய். பார்த்தேன். உன் மோவாய். புருவம் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி. வாய் திறந்து இதைச் சொல்ல என்னால் முடிந்திருக்காது. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

இடம்: சுடுகாட்டு இரும்புக் கேட்டிலிருந்து நேர் மேற்கே 62.40 மீட்டர். அங்கிருந்து வடக்கே 8.15. உன் நடையில் மேற்கே நூற்று நாலு எட்டு, வடக்கே பதினாலு. நீ வைக்கிற எட்டு அறுபது சென்டிமீட்டர். கல்யாணமான புதிதில் நீ முன்னால் நடக்கும்போது, உனக்குத் தெரியாமல் கணக்கெடுத்தது.

வா என்று இனி எழுத மாட்டேன்.

பூவரசன்


பூலாம்பாடி
29-7-2024

அன்புள்ள மாமாவுக்கு,

சனிக்கிழமை போய் வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை, தனியாகப் போக வேண்டும் போலிருந்தது. "பொம்பள போற எடமாடி அது?" என்று அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே வந்தது. ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்காரவைத்ததும் அதுதான்.

நூற்று நாலு இல்லை, நூற்றுப் பன்னிரண்டு எட்டு வந்தது. மெதுவாக நடந்தேன் போலிருக்கிறது.

யாரோ முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். கல் கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருக்கிறது. முதலில் உங்களைத்தான் திட்டினேன், சத்தமாகவே. ஆறு மாதம் என்னைப் பைத்தியக்காரி மாதிரிக் கேட்க வைத்தீர்களே. அதை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன், நீங்களும் மறக்க வேண்டாம். அப்புறம் அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அதை எழுத மாட்டேன்.

பூமாலை அண்ணன் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து வந்தார். "சார் வூட்டம்மாங்களா? வெயிலு ஏறுதும்மா, ஒரு வா தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார். அவரோடு மேடம் இருந்த கூடாரத்துக்குப் போனேன். நீங்கள் திருத்திக் கொடுத்த வரைபடத்தை விரித்துக் காட்டினார். அழகாக இருக்கிறது மாமா. பத்தொன்பது கல்லும் பத்தொன்பது விதமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். சுடுகாட்டு ஓரத்தில் மட்டும் ஒரு இடம் வெறுமையாக இருந்தது.

"பூவரசன்தாம்மா எடுத்துடச் சொன்னாரு. உங்க வீட்டு விஷயம் இல்லையா" என்றார்.

"எடுக்காதீங்க மேடம். போடுங்க" என்றேன்.

"என்னன்னு போடட்டும்?" என்று பேனாவோடு கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏழு என்று போடச் சொல்லவா? நாம் இன்னும் பேரே வைக்கவில்லையே.

ஐந்தாம் தேதி திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறார்களாம். அதனால் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். ஆடி அமாவாசை, பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், சீக்கிரம் கிளம்புங்கள். பெரியப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். சொன்னால் வருகிறேன் என்று எழுதியிருந்தேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அரியலூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் பேரை முடிவு செய்ய வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. உங்களிடமும் ஒன்று இருக்கும். இல்லை என்று பொய் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் வளர்